தங்கவயலில் வீட்டுப் பாடம்: இரவுப் பள்ளியிலிருந்து மூன்று எழுத்துமுறைகள் வரை

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்ற பிறகு, வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை, ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தன. சமையலும் உறக்கமும் ஓர் அறைக்குள் முடிந்த அவ்வீடுகளில் பிள்ளை படிப்பதற்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கும் தந்தையின் பக்கத்தில் வாய்விட்டுப் படிக்கவும் வழியில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்த மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்ததே அன்றி, அந்தப் பிள்ளைகளின் ஏட்டுக்காக வந்ததன்று.

பாடம் சொல்லித்தர எழுத்தறிந்தவர் வீட்டில் இல்லாத அத்தலைமுறைக்கு வீட்டின் வேலையைத் தொழிலாளர் அமைப்புகளே ஏற்றன. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியபோது, அதைச் சார்ந்தவர்கள் சங்கக் கூட்டங்களோடு நின்றுவிடாமல் இரவுப் பள்ளிகளையும் நடத்தினர். இவ்வியக்கத்தைச் சார்ந்த சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலிலிருந்தே நூல்களை வெளியிட்டது. தங்கவயலின் கல்வி வரலாற்றில் நிறுவனப் பள்ளிகளுக்குத் தரப்படும் இடத்தைவிடப் பெரிய இடம் இந்த இரவுப் பள்ளிகளுக்கு உரியது.

ஆயினும், எத்தனை முறை சொல்லித்தந்தாலும் எழுத்து பிடிபடாத பிள்ளைக்கு அக்காலத்தில் ‘மக்கு’ என்ற பெயரே கிடைத்தது. பிற திறன்கள் குறையாதிருக்க, வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் மூளையின் செயல்முறை வேறுபடுவதால் எழும் இடர்ப்பாடு இன்று குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எனப்படுகிறது. வாசிப்பில் தோன்றும் அதன் வகையே டிஸ்லெக்சியா. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதிய குறிப்பில், பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாக இருப்பான் என்று ஆசிரியர் கருதியதையும் பதிவு செய்தார். இந்த அறிவு நம் வகுப்பறைகளை எட்ட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியதே 1991இல்தான்.

கர்நாடகத்திலுள்ள தங்கவயலின் பிள்ளைக்கு இவ்விடர்ப்பாடு மும்மடங்காகிறது, ஏனெனில் வீட்டில் பேசும் தமிழோடு கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் அப்பிள்ளை எழுதக் கற்க வேண்டும். தமிழில் ‘க’ என்ற ஓரெழுத்து நிற்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. தமிழ் மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைத்து அடுத்த எழுத்தைப் பக்கத்தில் எழுத, கன்னடமோ ஒத்தட்சரம் என்று இரண்டாம் மெய்யை முதலெழுத்தின் கீழே எழுதுகிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பல இடங்களில் நிலையானதன்று. 1981இல் பள்ளி மொழிக் கொள்கை பற்றிய கோகாக் குழு அறிக்கை வந்தபின் கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தின் இடம் வலுப்பெற்றதை மொழியுரிமைச் சிக்கலாகவே பலர் விவாதித்தனர். வாசிக்கத் திணறும் பிள்ளையின் பக்கம் நின்று அதைப் பார்த்தவர் குறைவு.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின், விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இரவில்தான் திரும்புகின்றனர். வீட்டுப் பாடத்தின் பொறுப்பு பாட்டியிடமோ அக்காவிடமோ வந்து சேர்கிறது. இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. தாம்பாளத்தில் மணலையோ அரிசி மாவையோ பரப்பி, எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே பிள்ளை விரலால் அதை வரைவது திண்ணைப் பள்ளியின் பழைய முறை. கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என 1930களில் அமெரிக்காவில் ஆர்டனும் கில்லிங்ஹாமும் வகுத்த முறையும் இதற்கு நெருக்கமானதே. பாடத்தைப் பெரியவர் வாசித்துக்காட்டி, விடையை முதலில் வாயால் சொல்லவைத்துப் பிறகு எழுதவைப்பதும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு தருவதும் பிள்ளையின் சுமையைக் குறைக்கும். திண்ணைப் பள்ளியின் பிரம்பை மட்டும் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை முதன்முறையாகத் தன் பட்டியலில் சேர்த்து, அதை விரைவில் கண்டறியும் கடமையைப் பள்ளிகள் மீது சுமத்தியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அதன் 17ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. மூன்று எழுத்துமுறைகளுக்கிடையே திணறும் தங்கவயல் பிள்ளைக்கு இவற்றுள் மிகவும் தேவையானது மொழி விலக்கே. பிள்ளையைப் பரிசோதிக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெற்றோர் நாள்தோறும் ரயிலேறிச் செல்லும் அதே பெங்களூரில் இருக்கிறது. இவ்விலக்கைப் பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.