கல்யாண கேசட்டும் குறுந்தகடும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், காரியம் இருக்கிறது.

2000-க்குப் பிறகு நம் ஆத்தூர்ப் பக்கம் கல்யாணம் ஆனவர்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இரண்டு மூன்று தகடுகள் இருக்கும். நாடா போய்த் தகடு வந்த பிறகும் "கல்யாண கேசட்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் குறுந்தகடு என்று பெயர் வைத்தார்கள். இலங்கைத் தமிழர் இறுவட்டு என்பார்கள். எனக்கு இறுவட்டுதான் பிடிக்கும்.

முதலில் வந்தது விசிடி. 1993-இல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து இதற்கு விதி வகுத்தன. அந்த விதிநூலுக்கு வெள்ளைப் புத்தகம் என்று பெயர். பாட்டு சிடிக்குச் சிவப்புப் புத்தகம், நாமே எழுதும் சிடிக்கு ஆரஞ்சுப் புத்தகம். ஒரு விசிடியில் 74 நிமிடம் படம், அளவு 352×288 புள்ளிகள். அதனால்தான் ஒரு சினிமாவுக்கு இரண்டு, மூன்று தகடு மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இது எடுபடவில்லை. சீனாவிலும் நம் நாட்டிலும் சக்கைப்போடு போட்டது. கூடவே "திருட்டு விசிடி" என்ற சொல்லும் வந்தது. 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்திலேயே அதைச் சேர்த்தது. பிறகு டிவிடி வந்தது: 4.7 ஜிபி, 720×576 புள்ளிகள். முகம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இனிமேல் சொல்வதைக் கவனியுங்கள். கடையில் வாங்கிய சினிமாத் தகடு அச்சில் வார்த்தது. நுண்ணிய குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாணத் தகடு அப்படியல்ல. அதில் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கும். "சிடி ரைட் பண்றது" என்று நாம் சொன்னதும், ஆங்கிலத்தில் "பர்ன்" என்றதும் இதைத்தான். அந்த வேலைக்குப் பல கணினிகளில் இருந்த மென்பொருளின் பெயர் நீரோ. ரோம் எரிந்த கதையை வைத்துச் சூட்டிய பெயர். சின்னத்தில் கொலோசியம் எரியும். நீரோ செத்த பிறகு கட்டிய கட்டடம் அது! வரலாற்று வாத்தியாருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

இன்னொரு சொல் "ஃபைனலைஸ்". வருகைப் பதிவேட்டில் கடைசியாகக் கோடு போட்டுக் கையெழுத்திட்டு மூடுவோமே, அதுபோல. அப்படி மூடாத தகட்டை, எழுதிய கருவி படிக்கும். மற்றவை பெரும்பாலும் படிக்காது. உங்கள் தகடு பிளேயரில் ஓடவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். அதோடு சிடியில் பதிவு இருப்பது பளபளக்கும் பக்கத்தில் அல்ல, பெயர் எழுதும் பக்கத்துக்கு ஒட்டினாற்போல. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெண் மாப்பிள்ளை பெயர் எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே சேதம் ஆகியிருக்கலாம்.

தகட்டு டிரைவ் உள்ள கணினி இன்னும் யார் வீட்டிலாவது இருக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். விசிடி என்றால் "எம்பெக்ஏவி" என்ற கோப்புறைக்குள் ".டாட்" என்று முடியும் கோப்பு இருக்கும். அதை நகலெடுத்து விஎல்சியில் போட்டால் ஓடும். டிவிடி என்றால் "வீடியோ_டிஎஸ்" கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தக் கல்யாணப் பந்தியில் பரிமாறிய தாத்தாக்கள், அப்பத்தாக்கள் பலர் நடமாடுவது இப்போது அந்தத் தகட்டில் மட்டும்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுங்கள்.