அப்பமும் ஆகாரமும்

கடவுள், தேவன், பராபரன் என்னும் சொற்களைப் பற்றித் தமிழ்த் திருச்சபையில் நிகழ்ந்த வாதங்களை நாம் அறிவோம். அவற்றிற்குக் குறையாத வரலாறு அடுப்படிச் சொல் ஒன்றிற்கும் உண்டு.

எபிரெயத்தில் 'லெகெம்' என்பது ரொட்டியையும், பொதுவாக உணவையும் குறிக்கும். பெத்லெகேம் என்பதற்கு 'ரொட்டியின் வீடு' என்று பொருள். புதிய ஏற்பாட்டில் இதற்கு இணையான கிரேக்கச் சொல் 'ஆர்ட்டோஸ்'. பாலஸ்தீனத்தில் வசதியுள்ளோர் கோதுமை ரொட்டியும் எளியோர் வாற்கோதுமை ரொட்டியும் உண்டனர்.

தமிழகத்தின் நிலை வேறு. பத்துப்பாட்டில் கூவியர் என்போர் அப்பம் சுட்டு விற்போராகக் காட்டப்படுகின்றனர். அது விரும்பி வாங்கும் பண்டம், அன்றாட உணவன்று. அன்றாட உணவு சோறு. எளியோர்க்கோ கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி நிறைவுற்றது. அந்நாள் முதல் மொழிபெயர்ப்பாளர் யாவரும் இவ்வேறுபாட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில், கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'ஆகாரம்' என்றும், யோவான் 6ஆம் அதிகாரத்தில் 'அப்பம்' என்றும் காண்கிறோம். மூலத்தில் இரண்டும் ஒரே சொல். 'ஆகாரம்' கூழையும் சோற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது, இது ஆதாயமே. ஆனால், நாம் நாள்தோறும் வேண்டும் உணவுக்கும் திருவிருந்தின் அப்பத்துக்கும் மூலத்தில் ஒரே பெயர் என்பது தமிழ்ச் செவிக்கு மறைந்துபோயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஜெபத்திலும், தம்மைக் குறித்து இயேசு கூறுமிடத்திலும் 'உணவு' என்றே வழங்கியதால் அத்தொடர்பு ஓரளவு மீண்டது.

இன்னொரு இழப்பும் உண்டு. சிறுவன் கொண்டுவந்த 5 அப்பங்களும் வாற்கோதுமையால் ஆனவை என்கிறார் யோவான். அது ஏழையின் உணவு. அப்பம் என்றவுடன் பலகாரத்தை நினைக்கும் நமக்கு அவ்வறுமை புலப்படுவதில்லை. அச்சிறுவன் கையில் ஒரு கலயம் கம்பங்கூழ் இருந்ததாக எண்ணிப் பார்த்தால், ஆண்டவர் எதை எடுத்து நன்றி செலுத்தினார் என்பது விளங்கும்.

லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், அன்றாட ரொட்டி என்பதனுள் உடை, வீடு, வயல், கால்நடை, நல்லரசு, நல்ல அயலார் ஆகிய யாவற்றையும் அடக்கினார். ஆகவே இச்சொல்லை விளக்கும் போதகர் அகராதியோடு நின்றுவிடலாகாது. தம் சபையாரின் அடுப்பில் இன்று என்ன வேகிறது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். அதை அறியாதவர் வாயில் அவ்வேண்டுதல் வெறுஞ்சொல்லாகவே நிற்கும்.