ஏழாம் எண் கார் பிறந்த கதை

1948. லண்டனில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த காலின் சாப்மன், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துப்போட்டு, தன் கையாலேயே ஒரு போட்டிக் காரைக் கட்டினார். நான்கு வருடம் கழித்து, காதலி ஹேஸல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டோடு, ஹார்ன்சியில் அப்பாவின் மதுக்கடைக்குப் பின்னாலிருந்த குதிரை லாயத்தில் லோட்டஸ் பட்டறையைத் திறந்தார். பாலங்களின் பாரக் கணக்கைப் படித்தவர் அவர். கனத்த சட்டத்தை ஒதுக்கிவிட்டு, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தார். எடை குறைந்தால் வேகம் கூடும், வளைவில் பிடிப்பு கூடும், பிரேக்கும் சட்டென்று நிறுத்தும் என்பதே அவர் வேதம். கார்களுக்கு வரிசையாக எண் போட்டுவந்தவர், ஆறுக்குப் பிறகு எட்டுக்குப் போனார். ஏழு மட்டும் காலியாகக் கிடந்தது.

அதே சமயம் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் தலையில் இடி விழுந்தது. அதன் கார்களுக்கு உடல் தகடு அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்குத் தகடு வராது. உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கார்தான் அன்றைய புதுமை. அதைச் செய்ய வழியில்லாமல் போயிற்று. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் வேறு பாதைக்குத் திரும்பினார். அடியில் தனிச் சட்டம். மேலே, சிறுசிறு பட்டறைகளில் துண்டு துண்டாக அடித்த உடலை போல்ட் போட்டு முடுக்குவது. உருவத்தை இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில், ஸ்டாண்டர்டு கம்பெனியின் டிரையம்ஃப் என்ற பெயரில் ஹெரால்டு வெளிவந்தது. வெறும் 25 அடி வட்டத்துக்குள் அது முழுதாகத் திரும்பியதைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். அந்தக் காரின் முன்சக்கரங்களைத் தாங்கிய ஒரு செங்குத்து இரும்புத் துண்டை மட்டும் பொதுமக்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் கவனித்தார்.

சாப்மன் 1957இலேயே காலி எண்ணை நிரப்பியிருந்தார். லோட்டஸ் செவனுக்குக் கதவு கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி கூரையும் கிடையாது. எடை அரை டன்னுக்கும் குறைவு. ஃபோர்டின் பழைய 1172 சி.சி. என்ஜினே அதை விரட்டப் போதுமானதாக இருந்தது. ஆனால் செய்யும் செலவு கையைக் கடித்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் சொந்தமாக அச்சு செய்து இரும்பை அடித்தெடுக்க, வருடத்துக்குச் சில நூறு கார் விற்கும் கம்பெனிக்குக் கட்டுமா?

1960இல் வந்த இரண்டாம் செவனில் விடை இருந்தது. சட்டத்தில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தார் சாப்மன்; மூக்குக்கும் மட்காடுக்கும் ஃபைபர் கிளாஸ். ஸ்டியரிங் ரேக் ஹெரால்டிலிருந்து வந்தது, முன்சக்கரத்துக்கு அந்தச் செங்குத்துத் துண்டு, பின்னால் ஸ்டாண்டர்டு டென் காரின் ஆக்ஸில். காசு மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். சின்னக் குடும்பக் காருக்குச் செய்த பாகங்கள் பிறவியிலேயே எடை குறைந்தவை. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறையக் குறைய, டயர் சாலையை விடாமல் பற்றும்.

அந்தத் துண்டின் அடிமுனையில் வெண்கலத்தில் ஒரு மரைக்கட்டை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள் ஒரு திருகு சுழலும். கெட்டியான கியர் ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் துருவேறித் திருகு முறிந்து, சக்கரமே மடங்கிவிடும். இந்த ஆபத்தும் இதன் வைத்தியமும் அத்துப்படியான மெக்கானிக்குகள் இங்கிலாந்தில் மட்டும் இருக்கவில்லை.

1961இல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாகத் தொடங்கியது. ஏற்கெனவே ஸ்டாண்டர்டு டென் அங்கே தயாராகியிருந்தது. கவன்ட்ரியின் கஷ்டத்தில் பிறந்த போல்ட் உடல், பெட்டியில் வந்திறங்கி முடுக்குவதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. நான்கு கதவு ஹெரால்டு என்பதே நம் ஊரில் மட்டும் செய்யப்பட்டது. திருவனந்தபுரத்தின் மேடுபள்ளச் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே மடக்கில் திரும்பிய ஹெரால்டும், இங்கிலாந்தின் பந்தயத் தடத்தில் சீறிய செவனும் முன்காலில் ஒரே குடும்பம்! ஆனால் பின்கால் தாங்கவில்லை.

செவனில் பெரிய என்ஜின்கள் ஏறியதும் டென்னின் ஆக்ஸில் கூடு நெளிந்தது, எண்ணெய் ஒழுகியது, உடைந்தது. 1968இன் மூன்றாம் செவனில் ஃபோர்டு ஆக்ஸில் வந்தது. ஹெரால்டின் முன்துண்டு அசையவில்லை. அடுத்த அடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு, உதிரியாக வாங்கி வீட்டிலேயே முடுக்கினால் இல்லை என்ற சலுகையில்தான் செவன் பிழைத்துவந்தது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போயிற்று. லோட்டஸும் விலையுயர்ந்த கார்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. செவனின் கதை முடிந்தது என்றே தோன்றியது.

கேட்டர்ஹாம் என்ற சிற்றூரில் செவன் விற்றுவந்த கிரஹாம் நேர்ன் உரிமையை வாங்கினார். நான்காம் செவனோடு தொடங்கியவர், பாகங்கள் தீர்ந்துபோனதும் 1974இல் மூன்றாம் செவனுக்கே திரும்பினார். பழைய உருவம் பிழைத்தது அந்தத் தட்டுப்பாட்டால்தான். இன்றும் விற்பனையாகும் கேட்டர்ஹாம் செவன் அதன் நேர் வாரிசு. ஹெரால்டின் உற்பத்தி இங்கிலாந்தில் 1971இலேயே நின்றுவிட்டாலும், அதன் முன்துண்டு கேட்டர்ஹாம் கார்களில் பல்லாண்டு உழைத்தது. 2013இல் மலிவு விலைச் செவன் ஒன்று தேவைப்பட்டபோது கேட்டர்ஹாம்காரர்கள் சாப்மன் வழியிலேயே போனார்கள். இம்முறை ஜப்பானுக்கு: 660 சி.சி. என்ஜினையும் பின் ஆக்ஸிலையும் சுசுகியின் சிறிய வண்டிகளிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். காரின் எடை 490 கிலோ.