விப்ரியோ நோய் (கடல்மீன்)

விப்ரியோ பேரினப் பாக்டீரியாக்களால் கடல்மீன்களுக்கும் கழிமுக மீன்களுக்கும் வரும் தொற்றுநோய். தோலில் இரத்தக் கசிவு, ஆறாத புண், துடுப்பு அழுகல், கண் பிதுங்கல், வயிறு வீங்கல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

வரலாறும் வகைப்பாடும்

இத்தாலியில் விலாங்குகள் செந்திட்டுகளுடன் கூட்டமாக மடிந்ததை ஆராய்ந்த கனெஸ்ட்ரினி, 1893இல் நோய்க்கிருமியை விவரித்தார். பால்டிக் கடல் விலாங்குகளில் கண்ட கிருமிக்கு 1909இல் பெர்க்மன் 'விப்ரியோ அங்குயில்லாரம்' என்று பெயரிட்டார். 1985இல் அது லிஸ்டோனெல்லா என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் விப்ரியோவுக்கே திரும்பியது. இதன் 23 ஊநீர் வகைகளுள் ஓ1, ஓ2, ஓ3 ஆகியவையே பெரும்பாலும் மீன்களைக் கொல்கின்றன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கிருமி, 1963இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இயற்கை மீன்களைப் பெருமளவில் அழித்தது. 1968இல் பாஸ்டுரெல்லா பிசிசிடா எனப் பெயர் பெற்ற அக்கிருமி, 1995இல் போட்டோபாக்டீரியம் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 1969 முதல் ஜப்பானின் மீன் பண்ணைகளையும் அது தாக்கியது. ஆகவே இவ்விரு நோய்களும் முதலில் இயற்கை மீன்களிலேயே காணப்பட்டன. பண்ணை அவற்றைப் பெருக்கும் இடம்.

பரவும் வழிகள்

கடலில் மீன் வளர்க்கும் கூண்டு வலையின் கண்கள் நீரைத் தடுப்பதில்லை. நோயுற்ற மீனின் சளி, கழிவு, அழுகிய உடல் ஆகியவற்றிலிருந்து கிருமி நீரில் கலக்கிறது. சிந்திய தீவனத்தைத் தேடி இயற்கை மீன்கள் கூண்டைச் சூழ்கின்றன. கிழிந்த வலை வழியே வளர்ப்பு மீன்கள் தப்புகின்றன. சாளையையோ கழிவு மீனையோ பச்சையாகத் தீவனமிட்டால் கடற்கிருமி நேரே கூண்டுக்குள் நுழைகிறது. இடநெருக்கமும் வெப்பமும் மீனை நலிவுறச் செய்ய, நோய் மூள்கிறது.

பண்ணையிலிருந்து இயற்கை நீர்நிலைகளுக்கு நோய் பரவியதற்கு வேறொரு பாக்டீரியா நோய் சான்று. 1985இல் ஸ்காட்லாந்துச் சால்மன் குஞ்சுகளுடன் நார்வே பண்ணைகளுக்கு வந்த கொப்புள நோய், தப்பிய மீன்கள் வழியே ஆறுகளையும் அடைந்தது.

தமிழகத்தில்

மன்னார் வளைகுடா இந்நோய் குறித்த இந்திய ஆய்வுக் களங்களுள் ஒன்று. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், அவ்வளைகுடாவின் கரையிலுள்ள மண்டபத்தில் 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விராலைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது. கடற்கூண்டில் வளர்ந்த கடல்விராலில் விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் தொற்றை அந்நிறுவன ஆய்வாளர்கள் 2014இல் பதிவுசெய்தனர்.

தடுப்பு

தடுப்பூசி, இடநெருக்கம் குறைத்தல், இறந்த மீனை உடனே அகற்றுதல், பச்சை மீனுக்குப் பதில் குருணைத் தீவனம் ஆகியவை பயன் தருகின்றன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கடற்கூண்டு வளர்ப்பையும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் வரம்பில் கொண்டுவந்தது.