ஆண்டு மலரும் அதன் ஆசிரியரும்

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பள்ளி ஆண்டு மலரைத் தயாரிக்கும் ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் வரலாறு எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். ஜொகூரில் கட்டாயம் வருகிறது.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ரப்பர் தோட்டங்கள் நிறைந்த ஜொகூரிலும் இத்தகைய பள்ளிகள் பெருகின. லயத்து அறையிலும் கோயில் கொட்டகையிலும் வகுப்பு நடந்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். யார் படித்தார், யார் பாதியில் பால்மரம் வெட்டப் போனார் என்பதை யார் எழுதி வைத்தார்கள்?

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிறகு வீடமைப்புப் பகுதிகளாயின. மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இன்று கடைகளும் அடுக்குமாடிகளுமாக நிற்கிறது. ஸ்கூடாயில் ரினி தோட்டம் முத்தியாரா ரினி குடியிருப்பாகிவிட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போனால் கோயில் இடம் மாறும், மக்கள் சிதறுவார்கள். பழைய ஆசிரியர் பெயர், ஓட்டப் போட்டியில் வென்ற பிள்ளையின் படம், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் வாழ்த்துரை ஆகிய இவையெல்லாம் மிஞ்சுவது பள்ளி மலரில்தான்.

அந்த மலரை யார் செய்கிறார்? பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர். பாடம் நடத்திய பிறகு படம் எடுப்பார். மூன்று மொழியிலும் பிழை திருத்துவார். விளம்பரத்துக்காகக் கடை கடையாக ஏறுவார். அச்சகத்தில் முன்பணம் கேட்டால் சில வேளைகளில் சொந்தப் பணத்தைக் கொடுப்பார். மலர் வெளிவந்ததும் முதலில் கேட்கும் வார்த்தை, "என் பிள்ளை பெயரில் எழுத்துப்பிழை" என்பதுதான்! மறு ஆண்டு அவர் அந்தப் பொறுப்பே வேண்டாம் என்கிறார். அல்லது மாற்றல் வருகிறது. படங்களும் அவருடைய கணினியிலேயே போய்விடுகின்றன.

நான் படித்த தோட்டப் பள்ளி இப்போது இல்லை. அதன் மலர் ஒன்றைப் பல ஆண்டுகள் தேடினேன். கடைசியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் அலமாரியில் கிடைத்தது. நகலெடுக்கக் கொடுத்தவர், மாலைக்குள் திருப்பித் தரச் சொன்னார். அவரிடமும் அந்த ஒரு பிரதிதான்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் திரட்டுவதையும் அச்சகக் கணக்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர்கள் மலர்ப் பொறுப்பாளருக்கு வேறு இரண்டு பொறுப்புகளையாவது குறைக்கலாம். இளைய ஆசிரியர் ஒருவரை முதல் ஆண்டிலிருந்தே உடன் சேர்க்கலாம். மாற்றல் யாருக்கு வந்தாலும் வேலை அறுபடாது. படங்களின் ஒரு நகல் பள்ளியிலும் இன்னொன்று வெளியிலும் இருக்கட்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லையே.

இன்னொன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிடும் வெளியீடுகளில் 5 பிரதிகள் தேசிய நூலகத்திற்குப் போக வேண்டும். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போது அந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தபால் செலவைச் சங்கம் கொடுக்கட்டும், ஆசிரியர் அல்ல.