ஏக்கருக்கு எத்தனை லோடு? மண் அளந்த கதை



கோடையில் குளம் வற்றியதும் எங்கள் கன்னிவாடிப் பக்கம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "சார், ஏக்கருக்கு எத்தனை லோடு வண்டல் அடிக்கலாம்?" தென்னைக்குக் கரம்பை போடுகிறவரும் கேட்கிறார், வீட்டைச் சுற்றித் தோட்டத்தை மேடாக்குகிறவரும் கேட்கிறார். நான் சரித்திர வாத்தியார். பதிலைக் கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் சபை ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்திருந்தது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் தெரிகிறது. ஏரியில் ஓடம் விட்டு வண்டலை அள்ளிக் கரையில் கொட்ட அறக்கட்டளை வைத்தவர்களும் சோழர் காலத்தில் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லா ஏரிக் கல்வெட்டு. 1369-இல் விஜயநகர இளவரசர் பாஸ்கரர் வெட்டுவித்த ஏரி. கரையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கோல் கணக்கில் பொறித்துவிட்டு, தினமும் 1000 ஆள், கல் கொண்டுவர 100 வண்டி, வேலை முடிய 2 ஆண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்றைய எஸ்டிமேட்டில் இதைவிட அதிகமாக என்ன இருக்கிறது?

குடிமராமத்து வேலையில் அவரவர் நிலத்துக்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும். 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமே போட்டார்கள். 1883-இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. காண்டிராக்ட் வேலை பெருகப் பெருக மண்ணுக்குக் கன அடி கணக்கில் கூலி. சண்டையும் அங்கேதான்.

ஏன் சண்டை? மண்வெட்டி பட்டதும் மண் உப்பிவிடும். 10 அடிக்கு 10 அடி, ஓரடி ஆழம் வெட்டினால் பள்ளம் 100 கன அடி. அதே மண்ணைக் குவித்து அளந்தால் 120, 130 கன அடி வரும். வெட்டியவருக்குப் பள்ளத்தை அளந்து கூலி கொடுத்தார்கள். வாங்குகிறவரோ குவியலுக்குக் காசு கொடுக்கிறார். நடுவில் இருக்கும் கால் பங்கு யாருக்குப் போகிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை!

பள்ளத்தை அளப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். நடுவில் அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவிட வேண்டும். தலையில் பழைய புல்லோடு அது நிற்கும். அதன் உயரம்தான் வெட்டிய ஆழம். மேலதிகாரி வந்து சரிபார்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? மேடான இடமாகப் பார்த்துத் திட்டு விடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அதன் தலையில் இன்னும் அரையடி மண் வைத்து, புல் கரணையை ஒட்டவைத்து, தண்ணீர் தெளித்துவிடுவதும் உண்டு. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கூலி எவ்வளவு என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களைப் பாருங்கள். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் ஓர் ஆணுக்கு நாள் கூலியாக ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தார். மண்வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சென்னைப் பக்கத்துப் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பசித்த கைகள் வெட்டியது. 100 நாள் வேலையிலும் நம் பெண்கள் வெட்டிய பள்ளத்தை டேப் வைத்துத்தான் அளந்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏரி, குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க 2017-இல் அரசு அளவு சொன்னது: நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 டிராக்டர். 2024-இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆனது. 90 கன மீட்டர் என்றால் ஏறக்குறைய 3,178 கன அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், முழுதாக ஒரு அங்குலம்கூட வராது; முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டு மழை பெய்து படிந்தால் அதுவும் குறையும். நிலத்துக்குச் சத்து ஏற்ற அது போதும். மேடாக்குவதற்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏக்கருக்கு ஒரு அங்குலம் பரப்ப 36 யூனிட்டுக்கு மேல் வேண்டும். யூனிட் என்பது 100 கன அடி. சென்ட் கணக்கில், ஒரு யூனிட் இரண்டேமுக்கால் சென்ட்டுக்கு ஒரு அங்குலம் வரும். 5 சென்ட் தோட்டத்தை அரையடி உயர்த்த 11 யூனிட், மண் படிவதையும் சேர்த்தால் 13, 14.

அரசு சொல்லும் ஒரு டிராக்டர் 3 கன மீட்டர், அதாவது சுமார் 106 கன அடி. வருகிற டிரெய்லரில் ஏறி உட்புறத்தை அளந்து பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால், விளிம்பு மட்டத்துக்கு 90 கன அடிதான். 30 நடை அடித்த பிறகும் 5 நடை பாக்கி நிற்கும். மண் இலவசம்தான், வண்டி வாடகை நடைக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறார்கள்? முதல் நடை வந்ததும் டேப்பை எடுங்கள்.