புழுங்கல் அரிசி காப்பாற்றிய உயிர்கள்



"கடையில் இத்தனை வகை அரிசி அடுக்கி வைத்திருக்கிறார்களே, பிள்ளைகளுக்கு எதை வாங்குவது?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தான் வரும். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

உரலில் இட்டு உலக்கையால் குத்திய காலத்தில் உமி போகும், தவிடு முழுவதும் போகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகளில் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் பெருகின. அவை தவிட்டையும் முளையையும் சேர்த்துச் சீவி எறிந்தன. அரிசி பளபளவென்று வெளுத்தது. எண்ணெய்ச் சத்துள்ள தவிடு போய்விட்டதால் நெடுநாள் சிக்கு வாடை அடிக்காமல் இருந்தது. கப்பலில் அனுப்பவும் கிடங்கில் வைக்கவும் வியாபாரிக்கு வசதி. வெள்ளைச் சோறு கௌரவமும் ஆயிற்று.

அதோடு ஒரு நோயும் பரவியது. அதன் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சிறைகளிலும் படை முகாம்களிலும் சுரங்கங்களிலும் ஆட்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். இது கிருமியால் வருகிறது என்றே அன்றைய மருத்துவர்களில் பலர் நம்பினார்கள்.

ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுக்கும் திடீரென்று கால் தளர்ந்தது. சில மாதங்களில் தானாகவே சரியாயிற்று. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி தின்றதும் கோழிகள் எழுந்து நடந்தன! பிறகு ஜாவாவின் சிறைகளில் கணக்கெடுத்தார்கள். தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி உண்டவர்களில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்தான். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் ஆட்கள் வரும் இடம். மலாயாவில் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போகிறது. அதே நாட்டில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே இருக்கிறது. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பழைய அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசியில்தான் விடை இருக்கிறது என்றது சரி.

1905-06-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வெள்ளைப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். பச்சரிசி உண்டவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களை நோய் பிடித்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் ஒருவருக்கும் புதிதாக வரவில்லை. கேட்க ஆளில்லாத மனிதர்களின் உயிரை வைத்து இந்த உண்மை நிறுவப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் நலமாக வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. இந்த ஒரு நோயிலிருந்து மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோன பழக்கம் காத்தது.

எப்படிக் காத்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. அவித்தவர்களுக்கு உயிர்ச்சத்து என்ற சொல்லே தெரியாது. நெல் நொய்யாகாமல் இருக்கும், பூச்சி எளிதில் அண்டாது என்று அவித்தார்கள்.

நம் குன்னூரிலும் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். ஹைதராபாத்தில் இன்றுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான். 1936-ல் பி1-ஐச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, காந்தியடிகளோடு சேர்ந்து, தீட்டிய அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசி உண்ணுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். அதில் உடல்நலமும் இருந்தது, குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் இருந்தது.

சரி, கடைக்கு வருவோம். பருப்பும் காய்கறியும் முட்டையும் சேர்த்து உண்ணும் வீட்டில் இன்று பெரிபெரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பாடம் பழையதாகிவிடவில்லை.

தினசரிச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியே போதும். ரேஷன் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 'டபுள் பாலிஷ்' என்று பெருமையாகச் சொன்னால், இரண்டு முறை சத்தை எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். பையில் 'ஆர்கானிக்' என்று இருந்தால் அது விளைவித்த முறையைச் சொல்கிறது, தீட்டிய அளவைச் சொல்லாது. அதையும் வெள்ளையாகத் தீட்டித் தரலாம். கைக்குத்தல் அரிசி, தீட்டாத சிவப்பரிசி வாங்கினால் பொதி கட்டிய தேதி பார்த்து, ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் உண்டு, நாளானால் காறிவிடும். அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் களையாதீர்கள். கஞ்சி வடித்தால் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்த அரிசியானாலும் அளவை மருத்துவரிடம் கேட்டு உண்ணுங்கள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பக்கூடாது என்பார்கள். அரிசிக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டில் இப்போது என்ன அரிசி என்று கீழே எழுதுங்கள், படிக்கிறேன். வீட்டில் பாட்டி இருந்தால், அந்தக் காலத்தில் நெல் அவித்த கதையைக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

நலமே சூழ்க.